விரிசலே சாவி: தன்னைத்தானே ஒட்டிக்கொண்ட ஒரு எப்பாக்ஸித் துண்டு

ஒரு எப்பாக்ஸித் துண்டு. கையில் வைத்துப் பார்க்கும் அளவு. ஒரு முனை குறுகி, மறுமுனை அகன்றிருக்கும். வார்க்கும்போதே அதன் நடுக்கோட்டில் ஒரு வெட்டு விட்டிருக்கிறார்கள். அந்த வெட்டுக்குள் சவர பிளேடை வைத்து மெல்லத் தட்டினால் கூரான நுனியோடு ஒரு சின்ன விரிசல் தொடங்குகிறது. பிறகு துண்டை இழுவை இயந்திரத்தில் இரண்டு முளைகளில் மாட்டி மெதுவாக இழுக்கிறார்கள். பாரம் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் இறங்குகிறது. விரிசல் ஓடிவிட்டது. இழுப்பதை நிறுத்தி, பிளந்த முகங்கள் ஒன்றையொன்று தொடும்படி தளர்த்தி, 48 மணி நேரம் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அந்த இரண்டு நாளில் யாரும் அதைத் தொடவில்லை. சூடு காட்டவில்லை, பசை தடவவில்லை. மூன்றாம் நாள் திரும்ப இழுத்தபோது, முதல் தடவை காட்டிய முறிவுத் தாங்குதிறனில் (விரிசல் ஓடாமல் தடுக்கும் பலத்தில்) 75 சதவீதம் வரை திரும்பி வந்திருந்தது.

2001 பிப்ரவரி 15 அன்று 'நேச்சர்' இதழில் வெளியான முடிவு இது. இடம், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம், அர்பானா-ஷாம்பெய்ன். விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் ஸ்காட் வைட், பொருள்களின் இயக்கவியல் படித்த நான்சி சோட்டோஸ், வேதியியலாளர் ஜெஃப்ரி மூர் ஆகியோரோடு மொத்தம் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை. அந்த எட்டுப் பெயர்களில் ஸ்ரீராம், விஸ்வநாதன் என்ற இரண்டும் உண்டு.

ஸ்மார்ட் பொருள்கள் பற்றிய செய்தி எது வந்தாலும் எனக்கு முதலில் இந்தத் துண்டுதான் நினைவுக்கு வரும். இதற்குப் பின்னால் வந்தவை பலமுறை ஆறுகின்றன, வேகமாக ஆறுகின்றன, பெரிய ஓட்டையைக்கூட அடைக்கின்றன. ஆனால் இந்தத் துண்டிடம் இருந்த ஒரு குணத்தை அவற்றில் பல விட்டுக்கொடுத்துவிட்டன. ஆள் துணையே வேண்டாத குணம் அது. அந்தக் குணம் எப்படி வந்தது, எதற்காக அதை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கப்போகிறேன்.

பழுது உள்ளே இருக்கும்போது

எப்பாக்ஸி நமக்குப் புதிதில்லை. அரால்டைட் வாங்கினால் இரண்டு டியூப் வரும். ஒன்று ரெசின், இன்னொன்று ஹார்டனர். இரண்டையும் குழைத்தால் நீண்ட மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து வலையாகிவிடும். ஒருமுறை இறுகிவிட்டால் அதை உருக்க முடியாது. அந்த வலைக்குள் கண்ணாடி இழையையோ கார்பன் இழையையோ வைத்தால் விமானச் சிறகும் காற்றாலை இறக்கையும் செய்யும் பொருள் கிடைக்கும். போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறத்தாழ பாதி இப்படிப்பட்ட இழைக் கலவைதான்.

இழை பலமானது. பலவீனம், இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பாலிமரில் இருக்கிறது. ஏதாவது வந்து மோதினால் மேல்பரப்பில் ஒரு அடையாளமும் இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடலாம். தலைமுடியை விட மெல்லிய விரிசல் ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் கிடந்து, ஒவ்வொரு அதிர்விலும் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். நம் கடற்கரையில் ஃபைபர் போட்டைப் பழுது பார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு வழக்கமான வைத்தியம் தெரியும். உடைந்த இடத்தைத் தேய்த்து, கண்ணாடி இழை விரிப்பை வெட்டி வைத்து, ரெசின் பூசி, காயவிடுவது. அதற்கு முதலில் உடைந்த இடம் தெரிய வேண்டும், அங்கே கை எட்ட வேண்டும். உள்ளே ஒளிந்திருக்கும் விரிசலுக்கு இந்த இரண்டுமே நடக்காது.

வைட் குழுவுக்கு அமெரிக்க விமானப்படையின் ஆராய்ச்சி நிதி வந்ததற்குக் காரணம் இதுதான். கையே எட்டாத இடத்தில், பழுது நடந்தது யாருக்கும் தெரியாதபோதே, பழுது பார்க்கும் வேலை தொடங்கியாக வேண்டும்.

இந்த யோசனை அவர்களுடையது மட்டுமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையில் கரோலின் ட்ரை 1990களின் தொடக்கத்திலேயே உள்ளீடற்ற இழைகளுக்குள் ஒட்டும் திரவத்தை நிரப்பி, கான்கிரீட்டிலும் பாலிமரிலும் புதைத்துப் பார்த்தவர். இழை உடைந்தால் திரவம் கசியும். அவரது பெயர் இந்தக் கதையில் அடிக்கடி விட்டுப்போகிறது. 2001 துண்டில் புதிதாக வந்தது, திரவம், உறை, வினையூக்கி, அளக்கும் முறை நான்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி தேர்ந்தெடுத்த விதம்.

திரவமும் ஊதா நிறப் பொடியும்

ஒட்டும் திரவமாக அவர்கள் எடுத்துக்கொண்டது டைசைக்ளோபென்டாடையீன். பெயர் நீளம், பொருள் மலிவு. நாப்தாவைப் பிளக்கும் பெட்ரோகெமிக்கல் ஆலைகளில் துணைப்பொருளாகக் கிடைப்பது. கற்பூரத்தை நினைவூட்டும் வாசனை. தண்ணீர் போல எளிதில் ஓடும் என்பதால் மெல்லிய விரிசலுக்குள்ளும் தானே ஊர்ந்து பரவும். சும்மா வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது. சரியான வினையூக்கி பட்டால் மட்டும், இறுக்கி மடக்கி வைத்தது போலிருக்கும் அதன் மூலக்கூறு வளையம் திறந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கடினமான பாலிமராகிவிடும். லாரி பானெட் செய்யும் அளவுக்கு உறுதியான பாலிமர் அது.

வினையூக்கி, ருத்தேனியம் என்ற அரிய உலோகத்தை மையமாகக் கொண்ட ஊதா நிறப் பொடி. கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் ராபர்ட் கிரப்ஸ் உருவாக்கியது, அதனால் கிரப்ஸ் வினையூக்கி என்றே பெயர். இந்த வகை வினைக்காக அவர் 2005இல் ஈவ் ஷோவான், ரிச்சர்ட் ஷ்ராக் இருவரோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காற்றிலும் ஈரத்திலும் ஓரளவு தாங்கும், அறை வெப்பத்திலேயே வேலை செய்யும் என்பதால் இந்த வேலைக்கு அது பொருந்தியது.

பொடியை எப்பாக்ஸி முழுக்கத் தூவிக் கலந்துவிடலாம். திரவத்தை அப்படிக் கலந்தால் உடனே வினை தொடங்கிவிடும். ஆகவே அதற்கு ஓர் உறை வேண்டும். அந்த உறை செய்யும் முறை சமையல் குறிப்பு போலத்தான் இருக்கும். தண்ணீரில் யூரியா, அம்மோனியம் குளோரைடு, ரிசார்சினால் மூன்றையும் கரைத்து, எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் ஒரு பாலிமரையும் சேர்த்து, அமிலத்தன்மையை 3.5 பி.ஹெச்சுக்குக் கொண்டுவர வேண்டும். மேலே நுரை கட்டினால் ஆக்டனால் ஒன்றிரண்டு சொட்டு. கலக்கியபடியே திரவத்தை மெல்ல ஊற்றினால் அது துளித்துளியாகச் சிதறி நிற்கும். பிறகு ஃபார்மலின், அதாவது ஃபார்மால்டிஹைடு கரைந்த தண்ணீர், விட்டு, நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் 55 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, நான்கு மணி நேரம் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து ஒவ்வொரு துளியின் மேலும் தோலாகப் படியும். வடிகட்டிக் காயவைத்தால் கைவிரலிடுக்கில் சரசரவென்று விழும் பொடி கிடைக்கும். அதன் ஒவ்வொரு மணிக்குள்ளும் திரவம் இருக்கும்.

உறையின் விட்டம் கலக்கும் வேகத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 200 சுற்று முதல் 2,000 சுற்று வரை மாற்றினால் 1,000 மைக்ரோமீட்டரிலிருந்து 10 மைக்ரோமீட்டர் வரை கிடைக்கும். சுவரின் தடிமன் மட்டும் 160 முதல் 220 நானோமீட்டருக்குள்தான். 180 மைக்ரோமீட்டர் உறை ஒன்றை எடுத்துக்கொண்டால், சுவர் அதன் விட்டத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. எடையில் 83 முதல் 92 சதவீதம் உள்ளிருக்கும் திரவமே. வெளிப்பக்கம் மட்டும் சொரசொரப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பு வேண்டாத குறைபோலத் தெரியும், ஆனால் எப்பாக்ஸி அதைக் கவ்விப் பிடிப்பதே அதனால்தான். வழவழப்பான உறையாக இருந்தால் விரிசல் உறையை உடைக்காமல் அதன் ஓரமாக வழுக்கிக்கொண்டு போய்விடும்.

விரிசலுக்குப் பிடித்த வழி

எனக்கு இந்த ஆய்விலேயே மிகவும் பிடித்த பகுதி இது. திரவமும் வினையூக்கியும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், விரிசல் உறையைத் தேடிப்போய் உடைக்காவிட்டால் எல்லாம் வீண். விரிசல் அப்படித் தேடிப்போகுமா?

போகும், ஒரு நிபந்தனையோடு. ஒரு பொருளுக்குள் அதைவிட விறைப்பான துணுக்கு இருந்தால், நெருங்கி வரும் விரிசல் அதை விட்டு விலகி வளைந்து போகும். அதைவிட மென்மையான துணுக்கு இருந்தால் விரிசல் அதன் பக்கம் ஈர்க்கப்படும். திரவம் நிரம்பிய மெல்லிய உறை எப்பாக்ஸியை விட மென்மையானது. பிலிப் கூபெல் போன்ற குழுவின் இயக்கவியலாளர்கள் செய்த கணக்குகள் இதைத்தான் காட்டின. பிறகு நுண்ணோக்கியிலும் பார்த்தார்கள். விரிசல் போன பாதையெங்கும் உறைகள் பிளந்து வெறும் குழிகளாக நின்றன.

சுவர் தடிமன் இங்கே கழுத்தில் கத்தி. தடித்தால் விறைத்துவிடும், விரிசல் விலகும் அல்லது சுவர் உடையாது. மெலிந்தால் எப்பாக்ஸியோடு கலக்கும்போதே நசுங்கித் திரவம் வெளியேறிவிடும். அந்த 200 நானோமீட்டர் சொச்சம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இதனால்தான் இந்தத் துண்டுக்குக் கட்டளையிட ஆள் வேண்டியிருக்கவில்லை. சென்சார் இல்லை, கம்பி இல்லை, பேட்டரி இல்லை. விரிசலைத் திறக்கும் விசையே உறையின் பூட்டையும் திறக்கிறது. திறந்த உறையிலிருந்து திரவம் விரிசலின் குறுகலுக்குள் தானே இழுபட்டுப் பரவுகிறது. பரவிய இடத்தில் தூவிக் கிடக்கும் ஊதாப் பொடியில் பட்டு இறுகுகிறது. எங்கே எப்போது விரிசல் விழுகிறதோ, அங்கே அப்போதே மருந்து கிடைக்கிறது. விரிசலே விழாவிட்டால் ஒன்றுமே நடக்காது.

அளந்தது

அந்தக் குறுகி அகலும் வடிவத்துக்கும் காரணம் உண்டு. சாதாரண வடிவத்தில், முறிவுத் தாங்குதிறனைக் கணக்கிட விரிசல் எவ்வளவு நீளம் ஓடியது என்பதும் தெரிந்தாக வேண்டும். ஆறிய துண்டில் அதை நிச்சயமாகச் சொல்ல முடியாது; பழைய விரிசல் எதுவரை ஒட்டியிருக்கிறது என்று யார் கண்டது? இந்த வடிவத்தில் விரிசலின் நீளம் கணக்குக்குள்ளேயே வராது. உடையும்போது இருந்த உச்ச பாரத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். ஆறிய பிறகு வந்த உச்ச பாரத்தை முதல் உச்ச பாரத்தால் வகுத்தால் ஆறும் திறன் கிடைத்துவிடும். இந்தத் துறையில் ஒரு குழுவின் எண்ணை இன்னொரு குழுவின் எண்ணோடு ஒப்பிட முடிந்தது பெருமளவு இந்த வடிவத்தால்தான்.

உறையோ வினையூக்கியோ இல்லாத ஒப்பீட்டுத் துண்டுகள் ஆறவே இல்லை. சரி, அப்படியானால் மருந்துதான் வேலை செய்திருக்கிறது.

அடுத்த ஆண்டு எரிக் பிரவுன், சோட்டோஸ், வைட் மூவரும் உறையின் அளவையும் வினையூக்கியின் அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஆறும் திறனை 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது என்பதும் அப்போது தெரிந்தது. சுமார் 25 நிமிடத்தில் அளக்கக்கூடிய பிடிப்பு வந்துவிடுகிறது. 10 மணி நேரத்தில் அதன் முழு அளவை எட்டிவிடுகிறது.

எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. பொருளுக்குள் குமிழ் குமிழாக எதையோ வைத்தால் அது பலவீனப்படும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். விறைப்பும் இழுவலிமையும் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆனால் விரிசலுக்கு எதிரான தாங்குதிறன், ஆறுவதற்கு முன்பே, உறையில்லாத எப்பாக்ஸியை விட 127 சதவீதம் வரை கூடியிருந்தது. உறைகளைக் கடந்து போக விரிசல் அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது.

ஒரே தடவை இழுத்து உடைப்பது ஆய்வகத்துக்குச் சரி. நிஜத்தில் ஒரு சிறகு உடைவதில்லை, ஆயிரக்கணக்கான தடவை ஆடி ஆடி அயர்கிறது. 2005இல் வெளியான அயர்வுச் சோதனைகள்தான் என் கணக்கில் இந்தப் பொருளின் உண்மையான பரீட்சை. அங்கே ஒரு பந்தயம் நடக்கிறது. விரிசல் ஒவ்வொரு சுழற்சியிலும் நீளப் பார்க்கிறது, திரவம் இறுகப் பார்க்கிறது. பாரம் குறைவாக இருந்தபோது திரவம் ஜெயித்தது, விரிசல் முழுவதுமாக நின்றேவிட்டது. நடுத்தர பாரத்தில் ஆயுள் 213 சதவீதம் வரை கூடியது. பாரம் மிக அதிகமானபோது விரிசல் முந்திக்கொண்டது. அப்போதும், சரியான நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தி ஓய்வு கொடுத்தால் ஆயுளை 118 சதவீதம் வரை நீட்ட முடிந்தது. உடைந்த எலும்புக்கு ஓய்வு கொடுப்பது போலத்தான்.

எங்கே தடுக்கியது

வெறும் எப்பாக்ஸியிலிருந்து கார்பன் இழைப் பலகைக்குப் போனபோது எண்கள் இறங்கின. 2003இல் மைக்கேல் கெஸ்லர் செய்த சோதனையில், அடுக்குப் பிரிந்த பலகை அறை வெப்பத்தில் 45 சதவீதம் வரைதான் ஆறியது. 80 டிகிரிக்குச் சூடாக்கினால் 80 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் சூடாக்குவது என்றால் ஆள் வேண்டுமே. இழைகளுக்கு நடுவே இருக்கும் சந்து மிகச் சிறியது என்பது இன்னொரு சங்கடம். பெரிய உறையை வைத்தால் இழைகளைத் தள்ளிவிடும், சின்ன உறையை வைத்தால் திரவம் போதாது.

அடுத்தது வினையூக்கி. எப்பாக்ஸியை இறுக்கும் ஹார்டனர் ஓர் அமீன், நைட்ரஜன் கொண்ட ஒரு வகைச் சேர்மம். அந்த அமீனே கிரப்ஸ் வினையூக்கியைக் கெடுத்துவிடும். பொடியை நுணுக்கினால் எல்லா இடத்திலும் பரவும், ஆனால் அமீனில் அதிகம் பட்டுச் செத்துப்போகும். பெரிய மணிகளாக விட்டால் பிழைக்கும், ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். எடையில் 2.5 சதவீதம் போட்டார்கள். ஒரு கிலோ எப்பாக்ஸிக்கு 25 கிராம் ருத்தேனியச் சேர்மம். ஒரு சிறகுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டால் யாரும் பின்வாங்குவார்கள்.

இதற்கு 2005இல் மூர் குழு கண்ட வழி அழகானது. வினையூக்கியை பாரஃபின் மெழுகு உருண்டைகளுக்குள் வைத்தார்கள். மெழுகு அமீனைத் தடுக்கும். உறை உடைந்து திரவம் வந்ததும், அந்தத் திரவமே மெழுகைக் கரைத்து வினையூக்கியை வெளியே விடும். தேவையான அளவும் வெகுவாகக் குறைந்தது. இங்கேயும் ஆள் துணை நுழையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது தடை இப்படித் தீரக்கூடியதல்ல. உறை ஒருமுறை உடைந்தால் அவ்வளவுதான். அதே இடத்தில் இரண்டாவது விரிசல் விழுந்தால் அங்கே காலியான குழிகள்தான் இருக்கும்.

குழாய் வைத்தவர்கள்

நம் தோலில் கீறல் பட்ட இடத்திலேயே மறுபடி கீறினாலும் ஆறுகிறது, ரத்தம் வேறு இடத்திலிருந்து வருவதால். 2007இல் கேத்லீன் டூஹி, ஜெனிஃபர் லூயிஸ் ஆகியோருடன் சேர்ந்து இதே குழு அதைச் செய்து பார்த்தது. மெழுகு போன்ற மையால் முப்பரிமாண வலைப்பின்னல் ஒன்றை இழையிழையாக வரைந்து, சுற்றிலும் எப்பாக்ஸியை ஊற்றி இறுகவைத்து, பிறகு சூடாக்கி மையை உருக்கி உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். மை இருந்த இடமெல்லாம் நுண்குழாய். அதற்குள் டைசைக்ளோபென்டாடையீன். மேலே வினையூக்கி கலந்த ஒரு பூச்சு, தோல் மாதிரி. அந்தத் தோல் ஏழு தடவை வரை விரிசல் விட்டு ஏழு தடவையும் ஆறியது. எட்டாவது தடவை நின்றதற்குக் காரணம் திரவம் தீர்ந்தது அல்ல, தோலில் வினையூக்கி தீர்ந்தது.

2014இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது இன்னும் துணிச்சலானது. இம்முறை விரிசலை விட்டுவிட்டு ஓட்டையை எடுத்துக்கொண்டார்கள். எடையைப் போட்டுப் பிளாஸ்டிக் தகட்டைத் துளைத்து, இரண்டு தனித்தனிக் குழாய்களிலிருந்து இரண்டு திரவங்களை அந்த இடத்துக்குப் பாய்ச்சினார்கள். திரவம் ஓட்டை வழியாக ஒழுகிவிடாதா? அதற்காகத்தான் வினையை இரண்டு கட்டமாக அமைத்தார்கள். இரண்டும் கலந்ததும் முதலில் ஜெல்லியாகித் தொங்கிக்கொண்டு நிற்கும். நிதானமாக அதற்குப் பிறகு இறுகும். 35 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள பகுதி 20 நிமிடத்தில் நிரம்பியது, மூன்று மணி நேரத்தில் பலம் திரும்பியது. மறுபடி மோதிப் பார்த்தபோது, முதல் மோதலில் உறிஞ்சிய ஆற்றலில் 62 சதவீதத்தை உறிஞ்சியது.

பிரமாதமான வேலைதான். ஆனால் திரவத்தைப் பாய்ச்ச பம்ப் வேண்டும். பம்புக்கு மின்சாரம், தொட்டி, எப்போது ஓட வேண்டும் என்று சொல்ல யாராவது. 2001 துண்டு உடைந்தபோது அப்படி யாரும் இருக்கவில்லை.

பெயின்டில் பிழைத்தது

ஆள் துணை வேண்டாத அந்தக் குணம் அப்படியே பிழைத்த இடம் ஒன்று உண்டு, பூச்சு. வைட், சோட்டோஸ், மூர், பால் பிரவுன் ஆகியோர் 2005இல் ஆட்டோனாமிக் மெட்டீரியல்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் போன திசை சிறகு அல்ல, இரும்பைத் துருவிலிருந்து காக்கும் பெயின்ட்.

யோசித்துப் பார்த்தால் இது சரியான முடிவு. பெயின்ட் பாரம் தாங்க வேண்டியதில்லை. கீறலை மூடினால் போதும். அதே இடத்தில் இரண்டாவது கீறல் விழும் வாய்ப்பு குறைவு, ஆகவே ஒருமுறை மட்டும் ஆறினாலும் பயனுண்டு. வேதியியலையும் மாற்றினார்கள். ருத்தேனியத்தை விட்டுவிட்டு, ஈரத்திலும் காற்றிலும் வேலை செய்யும் சிலிகோன் வகைத் திரவமும் வெள்ளீய வினையூக்கியும் வந்தன. 2009இல் வெளியான சோதனையில் பூச்சடித்த எஃகுத் தகடுகளைக் கத்தியால் கீறி உப்புநீரில் போட்டார்கள். சாதாரணப் பூச்சின் கீறலில் 24 மணி நேரத்துக்குள் துரு பிடித்தது. உறை கலந்த பூச்சின் கீறலில் 120 மணி நேரம் கழித்தும் கண்ணுக்குத் துரு தெரியவில்லை. அந்த இரண்டு தகடுகளின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வகுப்பில் வேறு விளக்கமே தேவைப்படாது.

இடையில் வேறு அணுகுமுறைகளும் வளர்ந்தன. 2002இல் கலிஃபோர்னியாவில் ஃப்ரெட் வுட்ல் குழு செய்த பாலிமரை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பிணைப்புகளில் ஒரு பகுதி அவிழும், சூடு தணிந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளும். 2008இல் பாரிஸில் லுட்விக் லைப்லர் குழு, தாவர எண்ணெயிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்களையும் யூரியாவையும் கொண்டு ஒரு ரப்பர் செய்தது. அறுத்த இரண்டு முனைகளையும் அறை வெப்பத்தில் ஒன்றாக அழுத்தினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். இவற்றில் உறையும் இல்லை, தீர்ந்துபோகும் திரவமும் இல்லை. பாலிமரின் பிணைப்பே பிரிந்து சேரும் தன்மையுடையது.

அப்புறம், அந்தக் கற்பூர வாசனைத் திரவத்துக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2018 மே மாதம் இதே குழு 'நேச்சர்' இதழில் இன்னொரு கட்டுரை வெளியிட்டது. விமானத்தின் உடற்பகுதி ஒன்றை அடுப்பில் வைத்து இறுகவைக்க 96,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதற்குப் பதிலாக டைசைக்ளோபென்டாடையீனில் கிரப்ஸ் வகை வினையூக்கியையும் வினையைத் தாமதப்படுத்தும் சிறிது பாஸ்பைட்டையும் கலந்து, ஒரு முனையில் மட்டும் சூடு காட்டினார்கள். வினையில் பிறக்கும் வெப்பமே அடுத்த அடுக்கைப் பற்றவைக்க, இறுகும் அலை ஊதுபத்தியின் கங்கு போல மறுமுனை வரை தானே நகர்ந்து போனது. ஆற்றுவதற்காகத் தேர்ந்தெடுத்த அதே வேதியியல், பொருளைச் செய்யும் முறையாக மாறியது. ஸ்காட் வைட் அதே மாதம் காலமானார்.

ஹீட்டர் வைத்த பலகை

வைட்டிடம் படித்தவர் ஜேசன் பாட்ரிக். இப்போது வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். 2022இல் அவருடைய குழு செய்த பலகைதான் இன்று சிறகுக்கு மிக அருகில் நிற்பது என்று நான் நினைக்கிறேன்.

கண்ணாடி இழை அல்லது கார்பன் இழைத் துணியின் மேல், சூட்டில் உருகும் ஒரு பிளாஸ்டிக்கை முப்பரிமாண அச்சு இயந்திரத்தால் கோலம் மாதிரி இழுத்து, அதன் மேல் அடுத்தடுத்த அடுக்குகளை வைத்து எப்பாக்ஸி ஏற்றுகிறார்கள். கூடவே கார்பனால் ஆன மெல்லிய ஹீட்டர் அடுக்குகள். அடுக்குப் பிரிந்தால் ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். கோலத்து பிளாஸ்டிக் இளகி, விரிசலின் இரு பக்கமும் ஊடுருவி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சுற்றியுள்ள எப்பாக்ஸி நெகிழ்ந்துபோகும் வெப்பநிலைக்குக் கீழேயே இது முடிந்துவிடும், அதனால் பலகையின் விறைப்பு போகாது. வேலையில் இருக்கும்போதே ஆற்றலாம். ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள். இப்படி நூறு தடவை பிரித்து நூறு தடவையும் ஒட்டிக் காட்டினார்கள். தீர்ந்துபோக உள்ளே எதுவும் இல்லை.

ஒருமுறையிலிருந்து நூறு முறைக்கு வர இருபத்தோரு வருடம். அதற்குக் கொடுத்த விலை ஒரு சுவிட்சு. ஹீட்டர் தானாக எரியாது. உள்ளே அடுக்கு பிரிந்ததை யாரோ கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது என்ற இடத்துக்கே மறுபடி வந்து நிற்கிறோம். குறிப்பிட்ட மணி நேரம் பறந்ததும் எல்லாப் பலகைகளையும் ஒருமுறை சூடாக்கிவிடலாம். பராமரிப்பு அட்டவணைக்குப் பழகிய விமானத் துறைக்கு அது ஒத்துவரும். எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது வேறொன்று. கார்பன் இழை மின்சாரம் கடத்தும். இழை அறுந்தாலோ அடுக்கு பிரிந்தாலோ பலகையின் மின்தடை மாறும். 1980களின் இறுதியிலிருந்தே இதை ஆய்வகங்களில் அளந்து வருகிறார்கள். மின்தடை மாறியதும் அந்த இடத்து ஹீட்டர் மட்டும் எரியும்படி இரண்டையும் ஒரே பலகைக்குள் இணைத்தால், மறுபடியும் விரிசலே சுவிட்சைப் போடும்.